மோர்க்குழம்பில் பாக்டீரியா உயிரோடு இருக்குமா?

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது, தயிரில் உள்ள பாக்டீரியா குடலுக்கு நல்லது என்று சொல்கிறோம். அப்போது, "மோர்க்குழம்பு அடுப்பில் நுரைகட்டும்போது அதெல்லாம் செத்துவிடுமே சார், பிறகு என்ன பயன்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். "ஆமாம், பயனில்லை" என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால், அந்தப் பதில் பாதிதான் சரி. எது சரி, எது சரியில்லை என்பதைப் பிரித்துக் காட்டினால், அறிவியல் எப்படிச் சிந்திக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்பித்தவர்களாவோம்.

செயல்பாடு: மூன்று கிண்ணங்கள்

காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவைத்த பாலை மூன்று கிண்ணங்களில் சம அளவு ஊற்றவும். முதல் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி தயிரை உறை ஊற்றவும். இரண்டாவதில், கொதிநீரில் வைத்துப் பத்து நிமிடம் சூடாக்கி ஆறவைத்த தயிரை அதே அளவு சேர்க்கவும். மூன்றாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். முதல் பாடவேளையில் மூடி வைத்துவிட்டு, மாலை மணி அடிக்கும் முன் பார்க்கச் சொல்லவும். முதல் கிண்ணத்தில் தயிர் உறைந்திருக்கும். மற்ற இரண்டிலும் பால் பாலாகவே இருக்கும். மாணவர்கள் எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது.

பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றவும், பெருகவும் பாக்டீரியாவுக்கு உயிர் வேண்டும் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டறிவார்கள்.

உயிர் தேவைப்படும் பணி

சிலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி அவர்களுக்குக் குறைவாகச் சுரப்பதே காரணம். தயிர் பாக்டீரியா அந்த நொதியைத் தன்னுள் கொண்டு வருகிறது. அதனால் அவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. சூடாக்கினால் நொதி சிதைந்துவிடும். 2010-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தயிரின் இந்த நன்மையை ஏற்றுக்கொண்டபோது, ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்றது. இந்தப் பணியைப் பொறுத்தவரை, மாணவர் சொன்னது சரி.

உயிர் தேவைப்படாத பணி

பாக்டீரியா இறந்தாலும் அதன் செல்சுவரும் சில புரதங்களும் மிஞ்சும். குடலின் செல்கள் அவற்றை அடையாளம் காண்கின்றன. இதை விளக்கப் போலியோ தடுப்பு மருந்தை எடுத்துக்காட்டலாம். வாய்வழிச் சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். இரண்டுமே எதிர்ப்பாற்றலைத் தருகின்றன.

குடல் பாக்டீரியாவிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா நம் குடலின் சளிப்படலத்தில் வாழ்கிறது. பெல்ஜியத்தில் பாட்ரிஸ் கானியின் குழுவினர் அதை 70 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி எலிகளுக்குக் கொடுத்தனர். பலன் குறையவில்லை, கூடியது. அதன் வெளிச்சவ்விலுள்ள ஒரு புரதம் அந்த வெப்பத்தைத் தாங்குகிறது என்று 2017-இல் அறிவித்தனர். 2019-இல் உடல் எடை மிகுந்த 32 பேரிடம் மூன்று மாத ஆய்வின் முடிவு வெளியானது. சூடாக்கிய பாக்டீரியாவை உட்கொண்டவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. இரத்தத்தில் மொத்தக் கொலஸ்டிரால் அளவும் குறைந்தது. ஆய்வு சிறியது என்பதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

பெயர்களில் உள்ள வேறுபாடு

போதிய அளவில் உட்கொண்டால் நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளையே புரோபயாட்டிக் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் 2001-இல் வரையறுத்தன. உயிரற்ற நுண்ணுயிரிகளாலோ அவற்றின் பகுதிகளாலோ ஆகி, நலம் தருவதைப் போஸ்ட்பயாட்டிக் என்று ஒரு பன்னாட்டு அறிவியலாளர் குழு 2021-இல் வரையறுத்தது. இவை பெருகுவதில்லை, குளிர்பதனமின்றி வைத்திருப்பதும் எளிது. எனினும், ஒரு பாக்டீரியாவில் கண்ட பலனை மற்றொன்றுக்குப் பொருத்திப் பேசக் கூடாது. அக்கர்மான்சியா ஆய்வை மோர்க்குழம்புக்குச் சான்றாகக் காட்ட முடியாது. சூடாக்கிய மோரில் கால்சியமும் புரதமும் இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்லலாம்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் சிலர் கடையில் புரோபயாட்டிக் பானம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். முதலில் தேவைப்படுவது உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் மருத்துவ ஆலோசனையும்தான். குறைமாதக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கும் உயிருள்ள பாக்டீரியாவே தொற்றாக மாறக்கூடும். அவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. இரண்டாவது கிண்ணத்தில் தயிர் உறையாதது ஏன்?
2. மூன்றாவது கிண்ணம் எதற்காக வைக்கப்பட்டது?
3. "இறந்த பாக்டீரியாவால் எந்தப் பயனும் இல்லை." இக்கூற்றை ஒரு சான்றுடன் ஆராய்க.