குளிர் எங்கே போயிற்று?

சித்திரை மாதத்து நடுப்பகல். சென்னை அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் மின்விசிறி இடைவிடாது சுழன்றுகொண்டிருந்தது. ஆயினும் அனற்காற்றே வீசிற்று. பள்ளி விடுமுறையில் இருந்த சிறுவன் ஒருவன் புதிய வழியொன்று கண்டான். அறையின் கதவையும் சன்னல்களையும் அடைத்தான். மூலையில் இருந்த குளிர்பதனப் பெட்டியின் கதவை அகலத் திறந்துவைத்து, அதன் எதிரே பாய் விரித்து அமர்ந்தான்.

"சற்று நேரத்தில் வீடே உதகமண்டலம் ஆகிவிடும் பாருங்கள், தாத்தா!" என்றான்.

முதியவர் சினக்கவில்லை. "அப்படியா, கண்ணா? எதற்கும் பெட்டியின் பின்புறத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வா" என்றார்.

சிறுவன் பின்புறத்துக் கம்பிச் சுருளைத் தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டான். முன்புறம் குளிர், பின்புறம் சூடு! அரை மணி கழிந்ததும் சுவரில் தொங்கிய வெப்பமானியை நோக்கினான். அறை குளிரவில்லை, முன்பிருந்ததைவிட ஒரு பாகை வெப்பம் ஏறியிருந்தது. குளிர்பதனப் பெட்டி வேலை செய்தது உண்மை. அவ்வாறாயின் அது உண்டாக்கிய குளிர் எங்கே போயிற்று?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர், அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூரைக் கடந்து கடற்கரைச் சாலைக்குச் செல்லுதல் நன்று. அங்கே வளைந்த முகப்புடைய பழங்கட்டடம் ஒன்று கடலை நோக்கி நிற்கிறது. 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்தமையால், இன்று அது விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்று விளங்குகிறது. எனினும் அப்பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குகின்றனர். அக்கட்டடம் 1842ஆம் ஆண்டில் பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கும் கிடங்காக எழுந்தது என்பதே அதற்குக் காரணம்.

அப்பனிக்கட்டி சென்னையில் செய்யப்பட்டதன்று. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பல்களில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். தோரோ என்னும் அறிஞர் 1854இல் வெளியிட்ட 'வால்டன்' என்னும் நூலில், தம் குடிலுக்கு அருகிலிருந்த ஏரியின் பனிக்கட்டி சென்னை மக்களின் தாகத்தையும் தணிக்கச் செல்வதை வியந்து குறிப்பிடுகிறார். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும்; சரக்குகள் மசூலாப் படகுகளில் ஏறி அலைகளோடு போராடிக் கரை சேரும். உப்புக்கும் துணிக்கும் அது தாளும். பனிக்கட்டிக்கோ ஒவ்வொரு நாழிகையும் இழப்பு.

டியூடரின் முதற்கப்பல் 1833இல் கல்கத்தாவுக்கு வந்தது. புறப்படும்போது ஏற்றிய பனிக்கட்டி ஏறத்தாழ 180 டன். நான்கு மாதப் பயணத்திற்குப் பின் எஞ்சியது 100 டன்னளவே. எஞ்சிய 80 டன்னின் குளிர் எங்கே போயிற்று? மீண்டும் அதே வினா!

உண்மையில் எங்கும் போகவில்லை. குளிர் என்பது ஒரு பொருள் அன்று; வெப்பம் குறைந்த நிலையே குளிர். ஆகவே போனது எது என்று கேட்பதை விட்டு, வந்தது எது என்று கேட்டல் வேண்டும். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி, சூடு சிறிதும் ஏறாமல், உருகி நீராவதற்கு மட்டும் 80 கிலோகலோரி வெப்பம் தேவை. இதனை உள்ளுறை வெப்பம் என்பர். அவ்வாறாயின் 80 டன் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 64 இலட்சம் கிலோகலோரி வெப்பம் கடலிலிருந்தும் காற்றிலிருந்தும் மரத்தூளைக் கடந்து கப்பலுக்குள் புகுந்திருத்தல் வேண்டும். வெளியே குறைந்த வெப்பமும் உள்ளே சேர்ந்த வெப்பமும் ஒன்றுக்கொன்று சரி.

இங்ஙனம் வெப்பத்தின் வரவு செலவு ஒத்துப்போவதைக் கண்ட அக்காலத்து அறிஞர் பலர், வெப்பம் என்பது கண்ணுக்குப் புலனாகாத ஒருவகைப் பாய்பொருள் என்றே நம்பினர். ஆனால் உள்ளங்கைகளைத் தேய்த்தாலே சூடு பிறக்கிறதே! அங்கே எந்தப் பொருளிலிருந்து எப்பொருளுக்கு அது பாய்ந்தது? இச்சிக்கலை அவிழ்த்தவர்களுள் ஒருவர், வெப்ப நாட்டுக்கு வந்த ஒரு கப்பல் மருத்துவர்.

செருமானியராகிய ராபர்ட் மேயர் 1840இல் டச்சுக் கப்பலொன்றில் சாவகத் தீவுக்கு வந்தார். சுரபாயாத் துறையில் மாலுமிகள் நோயுற்றனர். அக்கால வழக்கப்படி அவர்தம் சிரையிலிருந்து சிறிது குருதியை வடித்தார். சிரைக்குருதி கருஞ்சிவப்பாக இருத்தலே இயல்பு. ஆனால் வழிந்ததோ ஒளிர்சிவப்பு. தவறித் தமனியை அறுத்துவிட்டோமோ என்று அவர் ஒரு கணம் திடுக்கிட்டார். தவறு ஏதும் நேரவில்லை. அவர் சிந்தித்தார்: உடலின் சூடு உணவு எரிவதால் உண்டாவது. வெப்ப நாட்டில் உடல் இழக்கும் சூடு குறைவு. எனவே எரிய வேண்டிய உணவும் குறைவு. எனவே குருதியில் உயிர்வளி மிச்சப்படுகிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது மருத்துவக் குறிப்பாகவே முடிந்திருக்கும். மேயர் மேலும் ஓர் அடி வைத்தார். மனிதன் சுமை தூக்குகிறான்; கயிறு இழுக்கிறான். அவ்வேலைக்கு வேண்டிய ஆற்றலும் அதே உணவிலிருந்துதானே வருதல் வேண்டும்? சூடும் வேலையும் ஒரே பணப்பையிலிருந்து செலவாகின்றன எனில், ஒன்றை மற்றொன்றாக மாற்றுதற்கு ஒரு நிலையான விகிதம் இருத்தல் வேண்டும்.

ஊர் திரும்பி அவர் எழுதிய முதற்கட்டுரையை ஓர் அறிவியல் இதழ் அச்சிடாமல் ஒதுக்கிற்று. மறு கட்டுரை 1842இல் வேறோர் இதழில் வெளிவந்தது. சென்னையில் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்த ஆண்டும் அதுவே என்பது ஓர் இனிய பொருத்தம்! 365 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எடை, அதே அளவு நீரை ஒரு பாகை சூடாக்கும் என்று அக்கட்டுரையில் அவர் கணக்கிட்டிருந்தார். அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. பல்லாண்டுகள் மனம் நைந்து, நோயுற்று வாழ்ந்தபின், 1871இல்தான் இலண்டன் அரசுக் கழகத்தின் காப்லி பதக்கம் அவரை வந்தடைந்தது.

அதற்கு முந்திய ஆண்டில் அப்பதக்கம் பெற்றவர் ஜூல் என்னும் ஆங்கிலேயர். மேயர் எண்ணிக் கண்டதை அவர் தனித்து நின்று அளந்து கண்டார். எடைகள் கீழிறங்க, அவற்றின் இழுப்பால் நீருக்குள் துடுப்புச் சக்கரம் சுழலும். நீர் சிறிதே சூடேறும். அச்சிறு சூட்டை அவர் பல ஆண்டுகள் சலியாது மீண்டும் மீண்டும் அளந்தார். இன்று கொள்ளப்படும் அளவு 427 மீட்டர். ஜூல் கண்டது 424க்கு அருகில் இருந்தது. 1847இல் எல்மோல்ட்சு என்னும் அறிஞர் இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தார். ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றவே இயலும். இதுவே ஆற்றல் அழிவின்மை விதி. வெப்பத்தையும் வேலையையும் இவ்விதி ஒரே ஏட்டில் எழுதும்போது, அது வெப்ப இயக்கவியலின் முதல் விதி எனப்படும்.

இனி அபிராமபுரத்து அறைக்குத் திரும்பலாம். குளிர்பதனப் பெட்டி குளிரை ஆக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் கொட்டுகிறது. வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்குச் செல்லாது. அதனை ஏற்றி இறக்க ஒரு கூலியாள் வேண்டும். மின்பொறியே அக்கூலியாள். பெட்டிக்குள்ளிருந்து 80 கிலோகலோரியை வெளியேற்ற அப்பொறி 40 கிலோகலோரிக்கு ஈடான மின்னாற்றலை உண்டது எனக் கொள்வோமாயின், பின்புறம் வெளிப்படுவது 120. கதவு திறந்திருப்பதால் 80 மீண்டும் பெட்டிக்குள் புகும். எஞ்சிய 40 அறைக்கு மிகை. வெப்பமானி ஏறாமல் என் செய்யும்?

வாயிலில் உள்ள மின்னளவி இக்கணக்கையே எழுதிக்கொண்டிருக்கிறது. அது காட்டும் ஓர் அலகு மின்னாற்றல் 860 கிலோகலோரிக்குச் சமம். அதே அலகு, சிறிதும் வீணாகாமல் வேலையாக மாறினால், ஒரு டன் எடையை 367 மீட்டர் உயரம் தூக்கிவிடும். மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் இராசகோபுரம் ஏறத்தாழ 37 மீட்டர். அத்தகைய கோபுர உச்சிக்கு ஒரு டன் கல்லைப் பத்து முறை ஏற்றும் ஆற்றல், சில ரூபாய்க்குக் கம்பி வழியே வீட்டுக்குள் வருகிறது!

சிறுவன் விடவில்லை. "ஆற்றல்தான் அழியாதே, தாத்தா! பிறகு ஏன் விளக்கை அணை, விசிறியை நிறுத்து என்கிறார்கள்?"

"ஒரு குடம் நீரை மணலில் கொட்டினால் நீர் அழிவதில்லை. ஆனால் அதை மீண்டும் குடத்தில் அள்ள முடியுமா?" என்றார் முதியவர். காற்றில் பரவிய வெப்பம் கணக்கில் குறையாது. ஆனால் அதனை முழுவதும் திரட்டி மீண்டும் வேலை வாங்குதல் இயலாது. அதைச் சொல்வது வேறொரு விதி, இரண்டாம் விதி.

மாலை நான்கு மணிக்குக் கடற்காற்று எழுந்தது. சிறுவன் பெட்டியை மூடிவிட்டுச் சன்னலைத் திறந்தான். எதிர்வீட்டுச் சுவரின் வெளிப்புறத்தில் குளிரூட்டியின் விசிறி உறுமிக்கொண்டிருந்தது. அவ்வழியே நடந்து சென்ற ஒருவர், முகத்தில் அடித்த அனலுக்கு அஞ்சிச் சாலையின் மறுபுறம் ஒதுங்கினார். அந்த வீட்டார் அறைக்குள் போர்வை போர்த்தி உறங்கிக்கொண்டிருந்தனர்.