எழுதுகிறவர் தம் பலத்தை எங்கே செலவிடுவது?

உங்கள் வீட்டு அலுமாரியில் முதற் பத்துப் பக்கங்கள் மட்டும் நிரம்பிய அப்பியாசக் கொப்பி ஒன்று கிடக்கின்றதா? அது ஊரின் வரலாறாக இருக்கலாம். ஒரு கதையாகவோ, பாட்டனார் சொன்ன செய்திகளின் தொகுப்பாகவோ இருக்கலாம். முதல் இரண்டு இரவுகள் நித்திரை விழித்து எழுதப்பட்டு, மூன்றாம் வாரத்தில் மூடப்பட்ட கொப்பி அது.

இவ்வகைப் பிரதிகள் பத்திரிகை அலுவலகத்துக்கும் வருவதுண்டு. தொடக்கத்தில் நெருப்பு, நடுவிற் புகை, முடிவு வருவதேயில்லை. எழுதியவர் திறமையற்றவர் என்று நாம் எண்ணுவதில்லை. நூல் முழுவதற்கும் வேண்டிய பலத்தை முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டார் என்றே எண்ணுகிறோம். ஊரின் பழைய செய்திகளை அறிந்தவர் அவர் ஒருவரே என்றால், அந்த இழப்பு அவருடையது மட்டுமன்று.

இவ்விடயத்தில் நமக்கு உதவக்கூடியவர் அந்தனி துறொலொப் என்னும் ஆங்கில நாவலாசிரியர். 1815இற் பிறந்த இவர், 1834இல் இலண்டன் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, 1867 வரை தபாற் பகுதியிலேயே உத்தியோகம் பார்த்தவர். (சனல் தீவுகளில் 1852இல் வீதியோரத் தபாற்பெட்டிகள் வைக்கப்பட்டதும் இவருடைய சிபாரிசின் பேரிலேயே.) முழுநேர உத்தியோகத்தோடு எழுதத் தொடங்கிய அவர், தம் வாழ்நாளில் 47 நாவல்களை எழுதினார். அவர் இறந்த மறுவருடம், 1883இல், வெளிவந்த சுயசரிதையில் தம் வேலைமுறையை ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கிறார்.

அவர் காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். நேரத்துக்கு எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்காக, வயதான குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்துவந்தார். முதல் அரைமணி நேரம் முன்னர் எழுதியதை வாசிப்பார். பின்பு மணிக்கூட்டை முன்னே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். நாளாந்தம் எழுதிய பக்கங்களை ஒரு குறிப்பேட்டிற் பதிந்துகொள்வார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். சோம்பியிருந்த நாளும் அந்தக் குறிப்பேட்டில் அவர் கண்முன்னே நிற்கும்.

இதை வாசித்துச் சிலர் முகஞ்சுளித்தனர். கலையைத் தையற்கடைக் கணக்காக்கிவிட்டார் என்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனெனில் இந்த மணிக்கூடு அவருடைய வேலையின் நடுப்பகுதிக்கு மட்டுமே உரியது. தொடக்கத்தில் அவர் வேறு மனிதர். சோல்ஸ்பரிப் பேராலயத்தின் அருகே ஒரு கோடைகால மாலைவேளையில் உலாவியபொழுது 'வார்டன்' என்ற நாவலின் கரு அவர் மனத்தில் உதித்தது. அன்றிரவே பேனையை எடுத்தாரா? இல்லை. ஓர் ஆண்டுக்கு மேல் அதைச் சுமந்து திரிந்த பின்னரே எழுதத் தொடங்கினார். நூல் 1855இல் வெளிவந்தது.

கரு உதித்த வேளையில் எழும் உற்சாகம் எழுதுவதற்கான பலமன்று, எண்ணுவதற்கான பலம். அதைக் கண்டபேருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே தீர்த்துவிடுகிறவர்கள் நம்மிடையே உளர். கதையை வாயாற் சொல்லி முடித்தவனுக்குக் கையால் எழுத ஆசை எங்கிருந்து வரும்? அந்த நாட்களில் குறிப்பெடுங்கள், முதியோரிடம் கேளுங்கள், நடந்து திரியுங்கள்.

நடுப்பகுதியே கடினமானது. உற்சாகம் அடங்கிவிடும்; முடிவு கண்ணுக்குத் தெரியாது. அங்கே பலத்தை அளந்து செலவிடவேண்டும். துறொலொப்பின் மூன்று மணி நேரம், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்க்கோ தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் தந்தைக்கோ கிட்டாது. ஆனால் நாளுக்கு 100 சொற்கள் எழுதலாமல்லவா? ஆண்டு முடிவில் 36,500 சொற்கள். சிறு நூலொன்றுக்குத் தாராளமாகப் போதும். எழுதவரும் நாளிலும் அளவை மிஞ்சி எழுதிக் களைத்துவிடாதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, அடுத்து வருவது இன்னதென்று தெரிந்திருக்கும்பொழுதே அன்றைய வேலையை நிறுத்திவிடுவார். மறுநாட் காலையில் வெறுந்தாளைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கும் வேதனை இல்லை. கிணற்றை ஒரேநாளில் அடிவரை இறைத்தவன் மறுநாள் ஊற்றுக்காகக் காத்திருக்கத்தானே வேண்டும்.

திருத்தும் வேலைக்கு வேண்டுவது ஆறிய கண். எழுதி முடித்த இரவிலேயே திருத்த உட்கார்ந்தால் ஒன்றில் எல்லாம் அழகாகத் தெரியும், அல்லது எல்லாவற்றையும் கிழித்தெறியத் தோன்றும். இரண்டுமே களைப்பின் தீர்ப்புகள். பிரதியை மூன்று கிழமைக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பின்பு, இரவில் வேண்டாம், காலையில் எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு இடறும் இடத்திற் சிவப்பு மையாற் கோடிடுங்கள். அன்றைக்கு அது போதும். (எங்களுக்கு அனுப்புவதாயின், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் அச்சுக்கோப்போர் உங்களை வாழ்த்துவர்.)

ஒரு விடயத்தில் மட்டும் துறொலொப்பைப் பின்பற்றும்படி சொல்லமாட்டோம். எகிப்தில் உத்தியோக அலுவலாக இருந்தபொழுது 'டொக்டர் தோர்ன்' நாவலை எழுதி முடித்த அவர், மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார். அவருடைய தேகக்கட்டு அப்படி. நாமோ அறுவடையான வயலைச் சிலகாலம் சும்மா விடுவதே நன்று. ஆனால் மறுபடி உழும் நாளை நாட்காட்டியிற் குறித்துவிட்டு ஓய்வெடுங்கள்.