புல்வெட்டும் பொறி கரட்டுப் பாதையில் ஓடுமா?

முன்னுரை

நம் பள்ளித் தோட்டத்துக் கொட்டகையில் பழைய புல்வெட்டும் பொறி ஒன்று நெடுநாளாகத் துருவேறிக் கிடக்கிறது. அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்செழுந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவியர் சிலர் ஓடி வந்தனர். “டீச்சர், அதில்தான் எஞ்சின் இருக்கிறதே! நாலு சக்கரம் பூட்டி, ஒரு இருக்கை வைத்தால் கண்மாய்க் கரை, மலையடிவாரம் எல்லாம் சுற்றி வரலாமே!” என்றனர்.

கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. உலகில் இதைச் செய்து காட்டியவர்களும் உண்டு. அறியாமல் செய்து கை கால் இழந்தவர்களும் உண்டு. இந்த இரு சாராருக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறி பிறந்த கதை

புல்வெட்டும் பொறியே ஒரு மாற்று வேலையில் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் நெசவுத் தொழில் ஊரில் வாழ்ந்தவர் எட்வின் பியர்டு படிங். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டுவதற்கு அங்குள்ள ஆலைகளில் உருளைக் கத்திப் பொறி இருந்தது. துணியின் இழையை வெட்டும் பொறி தரையின் புல்லையும் வெட்டாதா என்று அவர் எண்ணினார். 1830இல் புல்வெட்டும் பொறிக்கு உரிமம் பெற்றார். 1902இல் ரான்சம்ஸ் என்னும் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் மேலே அமர்ந்து ஓட்டும் வகையும் வந்தது.

1973இல் இங்கிலாந்தின் விஸ்பரோ கிரீன் என்னும் சிற்றூரில் நண்பர்கள் சிலர் கூடிப் பேசினர். கார்ப் பந்தயம் பணக்காரர் விளையாட்டாகிவிட்டதே, எளியவர் கையில் உள்ள எந்தப் பொறியைக் கொண்டு பந்தயம் விடலாம் என்று யோசித்தனர். ஏறக்குறைய எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் இருந்தது புல்வெட்டிதான். இவ்வாறு புல்வெட்டிப் பந்தயம் தோன்றியது. மேடு பள்ளமான வயல்வெளிகளில் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் பந்தயமும் இன்று உண்டு. அவர்கள் வகுத்த விதிகளில் முக்கியமானது, புல் வெட்டும் பிளேடைக் கழற்றிய பிறகே வண்டி களத்தில் இறங்க வேண்டும் என்பது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. குஜராத் மாநிலம் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, 1994இல் புல்லட் மோட்டார் சைக்கிளை உழவுப் பொறியாக மாற்றினார். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் இரு சக்கரங்களும் உழவுக் கருவிகள் பூட்டும் சட்டமும் அமைத்தார். காளை வாங்கவும் டிராக்டர் வாங்கவும் இயலாத சிறு விவசாயிக்கு அது கை கொடுத்தது.

நம் தமிழ்நாட்டு ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாறும் இங்கே நினைக்கத் தக்கது. இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோயம்புத்தூரில் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியவர் அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்துப் பொறியின் இயல்பைக் கற்றார். அவரே 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டியவர்.

செய்தவர் எண்ணியது என்ன?

ஒரு பொறியை மாற்றி அமைக்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இதைச் செய்தவர் எதை எண்ணிச் செய்தார்? புல்வெட்டியைச் செய்தவர் மூன்றை எண்ணினார். ஒன்று, எஞ்சினின் வேலை பிளேடைச் சுழற்றுவது. இரண்டு, பொறி மனிதன் நடக்கும் வேகத்தில் நகரும். மூன்று, தரை சமமாக இருக்கும். கரட்டுப் பாதையில் இம்மூன்றுமே பொய்த்துப் போகின்றன. ஆகவே மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

அதற்கு முன் பழுது பார்த்தல்

ஓடாத எஞ்சினை மாற்றி அமைத்துப் பயனில்லை. எஞ்சினைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக்கின் மேலுள்ள கம்பியைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லையேல் கையால் பிளேடைத் திருப்பும்போதே எஞ்சின் கிளம்பி விரலைக் கொண்டுபோய்விடும்.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு நான்கு தேவை: எரிபொருள், காற்று, பொறி, அழுத்தம். நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசின்போல் இறுகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதை வடித்துவிட்டுக் கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். காற்று வடிகட்டி பஞ்சு போன்ற நுரைப்பொருளானால் சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்திப் பூட்டலாம். ஸ்பார்க் பிளக்கில் படிந்த கரியைத் துடைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இத்தகைய சிறு எஞ்சின்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 0.75 மில்லிமீட்டர். கயிற்றை மெல்ல இழுக்கும்போது கைக்கு எதிர்ப்புத் தெரிந்தால் அழுத்தம் உண்டு என்று அறியலாம். ஆயில் அளவையும் பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது திறந்த வெளியில்தான். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மூடிய அறையில் அது உயிரைக் குடிக்கும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதும் கூடாது.

முதலாவது: பிளேடு

வண்டியாக ஓட வேண்டுமானால் பிளேடைக் கழற்ற வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. தள்ளிச் செல்லும் புல்வெட்டிகள் பலவற்றில் பிளேடு எஞ்சினின் தண்டிலேயே நேராகப் பூட்டப்பட்டிருக்கும். கனமான அந்த இரும்புத் தகடு புல்லை வெட்டுவதோடு, எஞ்சினின் சுழற்சியைச் சீராக வைக்கும் ஃப்ளைவீலின் வேலையிலும் பங்கு கொள்கிறது. அதைக் கழற்றிவிட்டால் அவ்வகை எஞ்சின் கிளம்ப மறுக்கும். இழுத்த கயிற்றை வெடுக்கென்று திருப்பி இழுத்துக் கையைச் சுளுக்கும். ஆகவே பிளேடின் இடத்தில் கனமான ஃப்ளைவீலோ, பெல்ட் ஓடும் கனத்த கப்பியோ அமைத்தாக வேண்டும். மேலே அமர்ந்து ஓட்டும் வகையில் பிளேடுக்கெனத் தனிப் பெல்ட் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பந்தயக்காரர் அவ்வகையைப் பெரிதும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது: வேகம்

இப்போது கணக்கு. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்கிறது என்போம். சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. ஆனால் சுற்றளவு ஏறத்தாழ 1.257 மீட்டர். எஞ்சினை நேரே சக்கரத்தில் பூட்டினால் நிமிடத்திற்கு 3770 மீட்டர், அதாவது மணிக்கு 226 கிலோமீட்டர் ஓட வேண்டும்! உண்மையில் அது ஓடாது. சிறு எஞ்சினின் திருப்புவிசை போதாமல் உடனே நின்றுவிடும்.

எனவே சுழற்சியைக் குறைக்க வேண்டும். 5 செ.மீ. கப்பியிலிருந்து 20 செ.மீ. கப்பிக்குப் பெல்ட் போட்டால் சுழற்சி நான்கில் ஒரு பங்காகும். அடுத்து 10 பல் சக்கரத்திலிருந்து 48 பல் சக்கரத்திற்குச் செயின் போட்டால் மேலும் 4.8 மடங்கு குறையும். மொத்தம் 19.2 மடங்கு. சக்கரம் நிமிடத்திற்கு 156 முறை சுழலும். வண்டி மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் செல்லும். இழந்த வேகத்திற்கு ஈடாக, உராய்வில் போனது நீங்கலாக, திருப்புவிசை ஏறத்தாழ 19 மடங்கு பெருகும். கிணற்றடியிலும் பம்பு செட்டிலும் தையற்பொறியிலும் நாம் காணும் அதே விதிதான் இது.

வேகம் போதாது என்று சிலர் கவர்னரைக் கழற்றிவிடுவதுண்டு. எஞ்சின் அளவு மீறிச் சுழலாமல் காக்கும் உறுப்பு அது. அதை நீக்கினால் எஞ்சினின் உள்ளேயுள்ள இணைப்புத் தண்டு முறிந்து, எஞ்சின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறலாம். மேலே அமர்ந்திருப்பவரின் கால் அதன் அருகில்தான் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

நிறுத்தத் தெரிய வேண்டும்

நடக்கும் வேகத்திற்கு அமைந்த பிரேக், ஓடும் வேகத்திற்குப் போதாது. சரளை நிறைந்த மண்பாதையில் பிரேக் பிடித்தால் வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும், விநாடிக்கு 3 மீட்டர் அளவில் குறைகிறது என்று கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 2 மீட்டருக்குள் நிற்கும். 24 கிலோமீட்டரானால் 7.4 மீட்டர் தேவை. 36 கிலோமீட்டரானால் 16.7 மீட்டர் தேவை. வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பாடத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அதன் பொருள் இதுதான். அந்த 16 மீட்டருக்குள் ஓர் ஆட்டுக்குட்டியோ, ஒரு குழந்தையோ குறுக்கே வரலாம்.

ஓட்டுபவர் கீழே விழுந்தால் எஞ்சின் தானே அணைய வேண்டும். பந்தயக்காரர் தம் உடலில் கட்டிய கயிற்றின் மறுமுனையை எஞ்சினை அணைக்கும் சுவிட்சில் மாட்டிக்கொள்கின்றனர். ஆள் விழுந்தால் கயிறு சுவிட்சை இழுத்துவிடும். வண்டி ஓட்டுபவர் மீதே ஏறாது. செலவு சில நூறு ரூபாய். காப்பது உயிர்.

மூன்றாவது: சாய்ந்த தரை

மதுரையைச் சுற்றியுள்ள நிலத்தை எண்ணிப் பாருங்கள். செம்மண் புழுதி, மழைக்காலத்தில் சக்கரத்தை விடாத கரிசல், ஓடைகள், கண்மாய்க் கரைகள், பாறைச் சரிவுகள். சக்கரங்களின் குறுக்கு இடைவெளி 80 செ.மீ., வண்டியும் ஆளும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்போம். நிற்கும் வண்டி ஏறத்தாழ 33 பாகைச் சாய்வு வரை கவிழாது. குழிகளைத் தாண்டுவதற்கென்று வண்டியை உயர்த்தி, ஈர்ப்பு மையத்தை 80 செ.மீ.க்குக் கொண்டுபோனால் 26 பாகையிலேயே அது கவிழும். ஓடும்போது, ஒரு கல்லில் ஏறினால், இன்னும் குறைந்த சாய்விலேயே கவிழும். ஆகவே இருக்கை தாழவும், சக்கரங்கள் அகலவும் அமைதல் வேண்டும்.

சாய்வு எஞ்சினையும் தாக்கும். இச்சிறு எஞ்சின்கள் பலவற்றில் ஆயிலைச் செலுத்தப் பம்பு இல்லை. அடியில் தேங்கிய ஆயிலை ஒரு சிறு கரண்டி வாரி வாரித் தெளிக்கும். வண்டி நெடுநேரம் செங்குத்தாக ஏறினால் ஆயில் ஒருபுறம் ஒதுங்கிவிடும், கரண்டிக்கு எட்டாது. உறுப்புகள் ஆயிலின்றி உராய்ந்து பாழாகும். புழுதியும் சருகும் குளிர்விக்கும் தகடுகளின் இடுக்கில் அடைத்தால் எஞ்சின் கொதித்துப்போகும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்னும் தூய்மை செய்தல் தேவை.

எங்கே ஓட்டலாம்?

வீட்டில் செய்த வண்டியைப் பதிவு இன்றிப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது. பம்பு எஞ்சின் பூட்டி வட இந்தியாவில் ஓடும் ‘ஜுகாட்’ வண்டிகளும் மோட்டார் வாகனச் சட்டத்திற்கு உட்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. சொந்த நிலமே இதற்குரிய இடம்.

கண்மாய்க் கரையும் நாம் நினைப்பது போல் வெற்றுப் பாதை அன்று. சக்கரம் கரையைக் கிளறினால் மழைநீர் அத்தடத்தில் இறங்கி அரிக்கும். கரை உடைந்தால் வயல்கள் முழுகும். நம் மலைகளோ தமிழி எழுத்துகளும் சமணர் படுக்கைகளும் தாங்கியவை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி நமக்கு அருகில்தான் உள்ளது. அங்கெல்லாம் நடந்தே போவோம்.

முடிவுரை

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. காலையே விடாதே என்று அது சொல்லவில்லை. ஆழத்தைத் தெரிந்துகொள் என்கிறது. படிங்கும் நாயுடுவும் ஜகானியும் துணிந்தவர்களே. ஆனால் பொறி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை உணர்ந்து துணிந்தவர்கள்.

ஸ்பானர் பிடிப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்று எண்ணும் பெற்றோர் இன்னும் உளர். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் உழைப்பு மேன்மை பெற்றது. அந்த மேன்மை ஆணுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டு மிக்சியும் மோட்டாரும் ஸ்கூட்டரும் பழுதானால், என்ன பழுது என்றாவது ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருத்தல் வேண்டும்.

அந்த மாணவியர் இப்போது சனிக்கிழமைகளில், தோட்டக்காரர் துணையோடு, பொறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கின்றனர். அது முதலில் மீண்டும் புல் வெட்டட்டும். வண்டியின் வரைபடம் அவர்கள் நோட்டில் வளர்ந்து வருகிறது. அதன் முதல் பக்கத்தில் அவர்கள் வரைந்திருப்பது எஞ்சினை அன்று, பிரேக்கை.

செய்து பாருங்கள்: மேற்கண்ட கணக்கில் சக்கரத்தின் விட்டம் 50 செ.மீ. ஆனால் வண்டியின் வேகம் என்ன? நிற்கும் தூரம் எவ்வளவு கூடும்? வேகம் மணிக்கு ஏறத்தாழ 14.7 கிலோமீட்டர் என்று வந்தால் உங்கள் வழி சரியானது. இரண்டாவது விடையை நீங்களே கண்டுபிடியுங்கள்.