பூட்டுக் கோப்பை அழிக்கும் முன்

'இன்டெக்ஸ்.லாக்' ஏற்கெனவே இருக்கிறது, வேறொரு கிட் ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று டெர்மினலில் செய்தி வந்ததும் பலரும் சொல்லும் வழி ஒன்றுதான்: அந்தக் கோப்பை அழித்துவிடு. பல சமயம் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் அழிப்பது கடைசிப் படி. அதை முதல் படியாக்குவது ஏன் ஆபத்து என்பது கிட் எழுதும் முறையைப் பார்த்தால் விளங்கும். அடுத்த கமிட்டில் எவையெவை போக வேண்டும் என்ற பட்டியல் '.கிட்' ஃபோல்டருக்குள் 'இன்டெக்ஸ்' என்ற கோப்பில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியபோது கிட் அந்தக் கோப்பில் நேரடியாகக் கைவைப்பதில்லை. பக்கத்தில் 'இன்டெக்ஸ்.லாக்' என்ற புதுக் கோப்பைத் தொடங்கி, முழுப் பட்டியலையும் அதில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. ஒரு ப்ராசஸ் இந்த வேலையில் இருக்கும்போது நீங்கள் கோப்பை அழித்துவிட்டு வேறொரு கட்டளை கொடுத்தால், அது அதே பெயரில் இன்னொரு கோப்பைத் தொடங்கும். முதல் ப்ராசஸ் தன் முறை வந்ததும் அந்தப் பெயரில் எது இருக்கிறதோ அதை, பாதி எழுதியதாக இருந்தாலும், இன்டெக்ஸாக்கிவிடும்.

ஆகவே முதலில் சில நொடிகள் பொறுங்கள். விஎஸ் கோட் போன்ற எடிட்டர்கள் நீங்கள் கேட்காமலே பின்னணியில் கிட்டை ஓட்டுகின்றன. அந்தப் பூட்டு தானாகவே விலகும். விலகவில்லையென்றால், கமிட் செய்தி எழுதத் திறந்த எடிட்டர் எங்காவது மூடாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். 'கிட் கமிட்' கட்டளையை '-ஏ' சேர்த்துக் கொடுத்திருந்தால், அந்த எடிட்டரை மூடும்வரை பூட்டு நீங்காது. அடுத்து, லினக்ஸிலும் மேக்கிலும் 'பிஎஸ்' கட்டளையாலும் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரிலும் கிட் ப்ராசஸ் எதுவும் ஓடுகிறதா என்று தேடுங்கள். கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' மட்டும் போதாது: எடிட்டருக்காகக் காத்திருக்கும் கிட், பூட்டுக் கோப்பை எழுதி மூடிவிட்டுத்தான் காத்திருக்கிறது, அதனால் அந்தக் கருவி ஒன்றும் காட்டாது. ரெப்போ நெட்வொர்க் டிரைவிலோ டாக்கர் கன்டெய்னருக்குள்ளும் தெரியும் ஃபோல்டரிலோ இருந்தால், பூட்டியவர் வேறு இடத்தில் இருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

எங்கும் யாரும் இல்லை, கோப்பின் நேரமும் பழையது என்றால், மின்வெட்டிலோ வலிந்து நிறுத்தியதிலோ ப்ராசஸ் செத்துப்போய்ப் பூட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்போதும் அழிக்காமல் வேறு பெயருக்கு மாற்றுங்கள். பிறகு 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுங்கள். இன்டெக்ஸ் கெட்டுவிட்டது என்று வந்தால், அதையும் பெயர் மாற்றி வைத்துவிட்டு வெறும் 'கிட் ரீசெட்' கொடுத்தால் கடைசி கமிட்டிலிருந்து பட்டியல் மறுபடி உருவாகும். 'ஹார்ட்' என்பதை மட்டும் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் கமிட் செய்யாத திருத்தங்கள் போய்விடும்.

இன்டெக்ஸை இப்படி மீட்க முடியுமென்றால் இத்தனை கவனம் எதற்கு என்று கேட்கலாம். உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒரே கோப்பில் சில வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்டேஜ் செய்த உழைப்பு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது; புதிதாக உருவாகும் பட்டியலில் அது இருக்காது. இதைவிட மோசமானது, பட்டியல் மாறியது தெரியாமல் செய்யும் கமிட். ஒவ்வொரு பில்டின் தொடக்கத்திலும் பூட்டை அழிக்கும் ஸ்கிரிப்ட் வைப்பது இதே தவறை நிரந்தரமாக்குகிறது. இரண்டு வேலைகள் ஒரே ரெப்போவில் மோதுகின்றன என்ற செய்தியை அது மறைத்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் தனி க்ளோனோ, தனி இன்டெக்ஸ் வைத்துக்கொள்ளும் 'வொர்க்ட்ரீ'யோ கொடுங்கள். உங்கள் குழுவின் பில்ட் ஸ்கிரிப்டில் அப்படி அழிக்கும் வரி இருந்தால், இன்றே எடுத்துவிடுங்கள்.