குதிரை பேணும் வித்தை

குதிரை என்றவுடன் நம் மாணவர் மனக்கண்முன் தோன்றுவது பந்தய மைதானமும், முந்தி வந்தோன் பெறும் வெள்ளிக் கிண்ணமுமே. பந்தயக்காரன் அதன் முதுகில் இருப்பது சில நிமிஷம். எஞ்சிய பொழுதெல்லாம் அதனோடு இருப்பவன் லாயத்து ஊழியன். அஞ்ஞாதவாசத்தில் விராடன் லாயத்தை ஏற்ற நகுலன் அதனை இழிவென்று எண்ணினானில்லை.

அவ்வித்தை இல்லாவிடத்து விளையும் கேட்டுக்கு நம் நாட்டுச் சரித்திரமே சான்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், ஆண்டு முடியுமுன் அவற்றுட் பெரும்பாலன மாண்டதையும் வரைந்துள்ளார். பேணும் முறை அறியாமையே காரணம் என்பது அவர் துணிபு. குதிரை வைத்தியர் இங்கு வாராதபடி வணிகரே தடுத்தனராம். பழையது மாண்டாலன்றோ புதியது விலைபோகும்! யாத்திரிகர் தொகையைச் சற்றுப் பெருக்கியிருக்கலாம், காரணம் பொய்யன்று.

குதிரைக்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இல்லை. உடலின் பருமனை நோக்க அதன் இரைப்பையோ சிறிது. ஒரே வேளையில் கொள்ளை மிகுதியாய் வைப்பின், அது பொங்கி, மேலே வர வழியின்றி, சில மணி நேரத்தில் உயிரையே மாய்த்துவிடவுங் கூடும். ஆதலின் புல்லை முதலாகக் கொண்டு, சிறிது சிறிதாய்ப் பன்முறை ஊட்டுதல் வேண்டும். குளம்பும் நகம்போல் வளர்வது. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கொருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவாவிடில் நடை கெடும்.

நம் பகுதிக்கும் இதற்கும் தொடர்புண்டு. முன்னாளில் சேலம் ஜில்லாவைச் சார்ந்திருந்த ஓசூரையடுத்த மத்திகிரியில், 1824-இல் கும்பினியார் படைக்குதிரைகளுக்கெனப் பண்ணை அமைத்தனர். நாமக்கல்லில் 1985-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. காவிரிக்கு மேற்கே, அந்தியூர்க் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தைக்குச் செல்வோர் ஒன்று கவனிக்கலாம்: தேர்ந்தவர் குதிரையின் ஓட்டத்தை முதலிற் பாரார், காலைத் தூக்கிக் குளம்பையும், வாயைத் திறந்து பல்லையுமே பார்ப்பர்.

இளமையில் யானும் சவாரியில் வெல்லவே அவாவினேன். அவ்வவா மாறியது சேலத்து ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் கொட்டிலில். ஓரிரவு அவர் குதிரை தீனியை மறுத்து, விலாவைத் திரும்பித் திரும்பி நோக்கிற்று. அவருடைய குடும்பத்துக்கு அஃதொன்றே பிழைப்பு. "படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் தம்பி, நீங்கள் விளக்கைப் பிடியுங்கள்" என்று கூறி, அதனைத் தெருவில் மெல்ல நடத்தினார், நிறுத்தினார், விலாவிற் காதை வைத்துக் கேட்டார், மீண்டும் நடத்தினார். வைத்தியரை அழைக்கச் சென்ற மகன் வந்து சேருமுன் கோழி கூவிற்று. மறுபடி காதை வைத்தவர், என்னையும் அருகழைத்து வைக்கச் சொன்னார். தூரத்து இடிபோல் குடல் இரையும் ஓசை கேட்டது.

அன்று அவர் வண்டி பூட்டவில்லை.