வாக்குரிமை யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல

தேர்தல் வந்தால் பெண்களின் வாக்கைப் பற்றிச் சில பேச்சுகள் தவறாமல் அடிபடும். படித்தவர்களும் சொல்கிறார்கள், மேடையிலும் கேட்கிறோம். அவற்றில் நான்கை மட்டும் இங்கே சரிபார்ப்போம். பாடுபட்டுப் பெற்றது என்று தெரியாத உரிமையைப் பறிகொடுப்பது எளிது.

நம்பிக்கை 1: அரசியலமைப்புச் சட்டம் வந்தபோது பெண்களுக்கும் வாக்கு தானாகக் கிடைத்தது. யாரும் போராடவில்லை.

உண்மை: பெண்கள் 1917-லேயே கேட்டுவிட்டார்கள். கேட்ட இடம் சென்னை. அந்த ஆண்டு அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. சங்கத்தின் மார்கரெட் கசின்ஸ் கோரிக்கையை வரைந்தார். டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்று, பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டையும் நேரில் பார்த்தது. வாக்குரிமையை ஆராயப் பின்னால் வந்த சவுத்பரோ குழு, பெண்கள் வெளியே வராத சமூகத்தில் இது நடக்காது என்று கைவிரித்தது. 1919 இந்திய அரசுச் சட்டமோ முடிவை மாகாண சட்டசபைகளின் தலையில் கட்டியது. பெண்கள் மாகாணம் மாகாணமாக வாதாடினார்கள். 1921-இல் பெண் வாக்குக்கு இருந்த தடையை முதலில் நீக்கிய மாகாணம் சென்னை.

நம்பிக்கை 2: மேல்நாட்டுப் பெண்கள் எப்போதோ வாக்களித்தார்கள், நம் பக்கம்தான் தாமதம்.

உண்மை: நியூசிலாந்து 1893-இல் வழிகாட்டியது. ஆனால் பிரிட்டனில் ஆணுக்கு நிகரான வாக்கு 1928-இல்தான் வந்தது. பிரான்ஸ் 1944 வரை இழுத்தது. சுவிட்சர்லாந்துப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1971 ஆயிற்று. நம் பக்கத்திலேயே, இலங்கையில் 1927-இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகி, பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் கோரிக்கை வைத்தது. 1931-லேயே அங்கே ஆணும் பெண்ணும் சமமாக வாக்களித்தார்கள். கிடைத்தது பறிபோகும் என்பதற்கும் அந்த நாடே சாட்சி. 1948 குடியுரிமைச் சட்டமும் அதையொட்டி வந்த தேர்தல் சட்டத் திருத்தமும், தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த மலையகத் தமிழ்ப் பெண்களில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியேற்றின.

நம்பிக்கை 3: 1921-இல் சென்னை மாகாணத்துப் பெண்கள் எல்லோரும் வாக்காளர்களாகிவிட்டார்கள்.

உண்மை: சொத்தோ வரிக் கணக்கோ தன் பெயரில் இருந்தவளுக்கு மட்டுமே வாக்கு. அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கூலி வேலைக்குப் போனவளுக்கு இடமே இல்லை. 1935 இந்திய அரசுச் சட்டம் எழுத்தறிவையும், கணவனின் சொத்தைக் கொண்டு மனைவிக்குத் தகுதி தருவதையும் சேர்த்தது. சுமார் 60 லட்சம் பெண்கள் வாக்குப் பெற்றார்கள். சென்னை சட்டசபையின் துணைத் தலைவராக இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. மனைவி என்பதற்காக அல்ல, குடிமகள் என்பதற்காக வாக்கு வேண்டும் என்பதே அவர்கள் வாதம். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்ற அந்தக் கோரிக்கைதான் பின்னாளில் அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவாக நின்றது.

நம்பிக்கை 4: சட்டம் வந்த பிறகு தடை ஏதும் இல்லை.

உண்மை: முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்க ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். வட மாநிலங்களில் பல பெண்கள் அந்நியரிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. “இன்னார் மனைவி”, “இன்னார் தாய்” என்றே பதிவாயிற்று. சொந்தப் பெயர் இல்லாமல் வாக்காளர் இல்லை என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அத்தனை பேராலும் அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை. சட்டம் கொடுத்த வாக்கை வீட்டு வழக்கம் வாசலிலேயே மறித்துவிட்டது.

2019 மக்களவைத் தேர்தலில் பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. அந்த நீண்ட வரிசைகளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் உழைப்பு இருக்கிறது. இன்றும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண்ணின் பெயர் பழைய ஊர்ப் பட்டியலிலேயே தங்கிவிடுவது உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்த மருமகளின் பெயரும், வெளியூர் போன மகளின் பெயரும் எந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று இந்த வாரமே பாருங்கள். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. 1917-இல் கேட்டவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நன்றி அதிலிருந்து தொடங்கட்டும்.