அடையாளத் திருட்டு: காத்தலும் மீட்டலும்



ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் வீட்டார் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று நகல் எடுப்பது. ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நகல்கள் தேவைப்படுகின்றன. பெரிய மார்க்கெட்டுக்குப் பழம் வாங்கச் செல்பவர், வழியில் ஜெராக்ஸ் கடைக்கும் போய் வருகிறார். பழக்கடையில் தராசைக் கவனிக்கிறோம். மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறோம். ஆனால் சரியாக விழாத நகலைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். கவலை மிகுந்த நாளில் இது இயல்பே. அந்தக் கவலையே திருடருக்கு வசதியாகிறது.

அடையாளத் திருட்டு என்பது யாது?

நம் ஆதார் எண், கைபேசி எண், வங்கி அட்டை விவரம், கடவுச்சொல், கைரேகை போன்றவற்றைக் கொண்டு பிறர் நம்மைப் போல நடிப்பதே அடையாளத் திருட்டு. ஒருவருடைய கடவுச்சொல்லையோ பிற தனி அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

இது தொலைவில் நடக்கும் செய்தியன்று. 2018-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலேயே, வங்கி அட்டை விவரங்களைத் திருடிப் போலி அட்டைகள் செய்து பணம் எடுத்த கும்பல் பிடிபட்டது. இத்தகைய மோசடியில் அசல் அட்டை உரியவரின் பையிலேயே இருக்கும். ஆகவே பொருள் காணாமற்போகவில்லை என்பதால் திருட்டு நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பணத்தினும் பெரிய இழப்பு

நோயாளிக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. உங்கள் பெயரில் வேறொருவர் சிகிச்சை பெற்றால், அவருடைய இரத்த வகையும், ஒவ்வாமைக் குறிப்பும், நோய் வரலாறும் உங்கள் பதிவேட்டில் ஏறிவிடும். பின்னொரு நாள் நீங்கள் நினைவின்றிக் கொண்டுவரப்பட்டால், மருத்துவர் அந்தத் தவறான குறிப்பைப் படிக்க நேரிடலாம். காப்பீட்டுத் தொகையும் அதற்குள் தீர்ந்திருக்கலாம். உறவினரின் அவசரத்துக்கு இரங்கி உங்கள் காப்பீட்டு அட்டையைக் கொடுத்து உதவினாலும் விளைவு இதுவே. அன்பினால் செய்தாலும் இது முறைகேடே, உயிருக்கும் கேடு.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் குறித்து 2023-இல் வெளிவந்த இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 7,49,820 பயனாளிகளின் பதிவுகளில் 9999999999 என்ற ஒரே கைபேசி எண் இருந்ததைச் சுட்டியது. பயனாளியை உறுதிசெய்ய அந்த எண் பயன்படுவதில்லை என அரசு விளக்கியது. எனினும் நமக்கு ஒரு பாடம் உண்டு. பதிவில் உங்கள் எண் சரியாக இல்லாவிட்டால், உங்கள் பெயரில் நடப்பது உங்களுக்குத் தெரிய வராது. பதிவு செய்யும்போதே எண்ணை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காத்துக்கொள்ளும் வழிகள்

1. நகலின் குறுக்கே தேதியையும், எந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். வீணான நகலைக் கிழித்தெறியுங்கள்.

2. முழு எண் தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அதைப் பதிவிறக்கலாம்.

3. கடைக் கணினியில் வாட்ஸ்அப் திறந்து அச்செடுத்தால், கோப்பை அழித்து, கணக்கிலிருந்து வெளியேறிய பின்னரே எழுந்திருங்கள்.

4. ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். காப்பீட்டுச் சரிபார்ப்புக்குத் தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்து கொள்ளலாம்.

5. ஓடிபி எண்ணைத் தொலைபேசியில் எவருக்கும் சொல்லாதீர்கள். காப்பீட்டு முகப்பில் நேரில் கேட்கப்பட்டாலும், அது எதற்கான எண் என்று குறுஞ்செய்தியை முழுதும் படித்த பின்னரே சொல்லுங்கள்.

6. நோயாளி அறுவைக் கூடத்தில் இருக்கும்போது அவருடைய கைபேசி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இருக்கட்டும். காரணமின்றி நெடுநேரம் சிக்னல் இல்லாவிட்டால், அந்த எண்ணுக்கு வேறு சிம் வாங்கப்பட்டதா என நிறுவனத்திடம் உடனே கேளுங்கள்.

திருட்டு நேர்ந்துவிட்டால்

முதல் மணி நேரம்: பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிச் செல்லும் முன் அதை நிறுத்திவைக்க விரைவே துணை. அட்டையின் பின்புறமுள்ள வங்கி எண்ணை அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை நோயாளியின் கோப்பிலேயே குறித்து வையுங்கள்.

முதல் மூன்று நாள்கள்: ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் மூன்றாம் தரப்பினரால் நேர்ந்தது எனில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதுமில்லை. ஓடிபியைத் தாமே சொல்லி ஏமாந்தவர், தெரிவிக்கும் வரையிலான இழப்பை ஏற்க வேண்டும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே தவறு நம்முடையதாயினும் தாமதித்தல் கூடாது. இணையக் குற்றக் காவல் பிரிவில் எழுத்துப்பூர்வமாகவும் புகார் அளியுங்கள்.

அடுத்த வாரங்கள்: ஆதார் எங்கெங்கு பயன்பட்டது என்ற வரலாற்றை ஆணையத்தின் தளத்தில் பாருங்கள், உதவிக்கு 1947. உங்கள் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். அறியாத கடன் உள்ளதா என்பதை அறிய, ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். தவறான பதிவு குறித்த புகார் 30 நாள்களில் தீர்க்கப்படாவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

காப்பீட்டுக் கணக்கில் நீங்கள் பெறாத சிகிச்சை காணப்பட்டால், ஆயுஷ்மான் பாரத் உதவி எண் 14555-இல் தெரிவியுங்கள். அந்தச் சிகிச்சையைப் பதிவுசெய்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்து, பிறருடைய குறிப்புகளை உங்கள் பதிவிலிருந்து பிரிக்கக் கோருங்கள். அது முடியும்வரை உங்கள் சரியான இரத்த வகையையும் ஒவ்வாமையையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருங்கள்.

நிறைவாக

பணத்தை இழந்த முதியவர் பலர், பிள்ளைகள் கடிந்துகொள்வார்களோ என அஞ்சி வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தில் மீட்கக்கூடிய மணித்துளிகள் கழிந்துவிடுகின்றன. உடனிருப்போரே, ஏமாந்தவர் குற்றவாளி அல்லர். அவர் சொல்லத் தொடங்கும்போது காரணம் கேட்காதீர்கள். முதலில் 1930-ஐ அழையுங்கள். கேள்விகளைப் பிறகு கேட்டுக் கொள்ளலாம்.